களைக்கொத்துக்கு ஒரு நீளக் காம்பு

எழுதுகிற அளவுக்கு நான் ஆள் இல்லை. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவள். ரேஷன் கடையில் என் முறை வந்தால்கூட, பின்னால் நிற்கிறவரை முன்னே விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பேன். வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களின் போன் குழு ஒன்றில் என் நம்பரும் இருக்கிறது. அதில் நான் இதுவரை ஒரு பூ படம்கூடப் போட்டதில்லை. போன வாரம் ஒருவர், ரொம்ப நாள் உழைக்கிற களைக்கொத்து எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு படம் போட்டார்கள். எல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்தவை. அதில் ஒன்றை வாங்கி ஏமாந்தவள் நான். சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அது இரண்டு வரியில் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் ஜாஸ்தி. ஒரு தடவை லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு அது பெரிய இடி. எனக்கும் கஷ்டம்தான். ஆனால் சாயங்காலம் விளக்குப் போடும்போது அவர் செருப்பு வாசலில் கிடக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் இருக்கிறது. பின்னால் கொஞ்சம் காலி இடம். செம்மண், ஆனால் ஒரு சாண் தோண்டினால் சரளைக்கல். அதில் அவர் வெண்டையும் கத்தரியும் கொத்தவரையும் போட்டார். செடி முளைத்து வந்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. களையும் கூடவே முளைத்தது. வீட்டில் இருந்தது குட்டைக் காம்பு போட்ட பழைய மண்வெட்டி. நான் பார்க்காத நேரத்தில் குனிந்து வெட்டியிருக்கிறார். நிமிர முடியவில்லை. நானும் மாமியாருமாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டோம்.

எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சரியான பிறகும் அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. உளுந்தூர்பேட்டையில் பழைய சிநேகிதர் ஒருவர் லாரி ஷெட் வைத்திருக்கிறார். ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார். இவர் சரி என்றுவிட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை போவதாகப் பேச்சு.

“இங்க படுத்துக்கினு சோறு துன்றதுக்கு அங்க உக்காந்துக்கினு துன்றேன்” என்றார்.

“ஆவுட்டுங்க” என்றேன். போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது தொண்டையில் நிற்கும், கை மட்டும் ஏதாவது வேலையைத் தேடும். குனியாமல் நின்றபடியே களை எடுக்கிற ஒரு சாமான் இருந்தால் இவர் போகமாட்டார் என்று என் மனசில் பட்டது. அதைத் தேடப் புறப்பட்டேன்.

முதலில் வாங்கியதுதான் அந்தப் பளபளப்பு. பைப்பில் காம்பு, பச்சைப் பெயிண்ட், பிடிக்கிற இடத்தில் ரப்பர். தூக்கினால் எடையே இல்லை. அதுதான் நல்லது என்று நினைத்தேன். அவர் இரண்டு போடு போட்டார். மூன்றாவது கல்லில் பட்டு, தகடு மேல்நோக்கி மடங்கிக்கொண்டது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ம்மே, இது இன்னா, மண்ணு கொத்தறதுக்கா, தோச திருப்பறதுக்கா?”

பின்னாலேயே வந்த மாமியார், “தோசைக்கும் ஆவாதுடா. மொனை வளைஞ்சிக்கினு கீது, தோச கிழிஞ்சிடும்” என்றார்.

எனக்கு அழுகை வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மறுபடி கட்டிலுக்குத்தான் போனார்.

அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக ஸ்பிரிங் பட்டை இருக்குமே, அதைப் பற்றி அவர் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். எவ்வளவு லோடு ஏற்றினாலும் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். உடைந்துபோன பட்டையைக் கொல்லுப்பட்டறைக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிப் போவார்கள், அரிவாள் அடித்தால் அப்படி உழைக்கும் என்பார். அரிவாள் அடிக்கலாம் என்றால் களைக்கொத்தும் அடிக்கலாம்தானே.

வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி போனேன். வெள்ளிக்கிழமை என்று பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரும்பு வாங்கமாட்டார்கள். நிறைய வீடுகளில் அப்படித்தான். எங்கள் மாமியாருக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. மகனுடைய இடுப்பு போனதற்கே, லாரி முதலாளி சனிக்கிழமை புது ஜாக்கி வாங்கி வண்டியில் போட்டதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இரும்புக்கடையில் என் நேரத்துக்குக் கூட்டம். எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். கடைக்காரர் தானே கூப்பிட்டு என்ன வேண்டும் என்றார். “பட்டையில அடிச்ச களைக்கொத்து இருக்குங்களா?” என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருதரம் பார்த்தார். உள்ளேயிருந்து நாலைந்தை எடுத்துவந்து போட்டார். கறுப்பாக, சுத்தியல் பட்ட தழும்போடு, பார்க்க லட்சணமே இல்லை. காம்பு நுழைகிற ஓட்டையை நாங்கள் காது என்போம். அந்தக் காதில் விரலை விட்டுத் தொங்கப்போட்டு, வீட்டுச் சாவியால் ஒவ்வொன்றையும் தட்டினேன். சிலது டொக்கென்றது. ஒன்று கணீரென்று நின்று ஒலித்தது.

“இன்னாம்மா, பாத்திரக்கடைன்னு நெனச்சிக்கினு வந்துட்டியா?” என்றார் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. அந்தக் காது பற்றவைத்ததா, ஒரே இரும்பைக் காய்ச்சி வளைத்ததா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரே இரும்பு. உள்ளங்கை அகலத்தில் அலகு. வீட்டில் கொண்டுபோய்க் காட்டினதும் அவர், “நம்ம வண்டி பட்டையா? அப்போ இது என்னைத் தொரத்திக்கினே வருது” என்றார். கையில் வைத்து எடை பார்த்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டார். காம்பு இல்லையே.

கடைகளில் கிடைக்கிற காம்பு எல்லாம் குட்டை. சந்தையில் நான் வழக்கமாகச் சாமை வாங்குகிற அம்மா கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர். என் வயசுதான் இருக்கும். என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். அவர்கள் கொல்லை ஓரத்தில் கெட்டி மூங்கில் இருக்கிறது, உள்ளே பொந்து இருக்காது, மரக் காம்பைவிட எடையும் கம்மி என்று எப்போதோ சொன்னது நினைவிருந்தது. மறுநாள் சனிக்கிழமை சந்தை. களைக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மாமியார் வாசலில் மறித்தார்.

“அத எங்க எடுத்துக்கினு போற?”

“காம்புக்கு அளவு பாக்கணும் அத்தை.”

“போவும்போது போவட்டும். சாயங்காலம் திரும்பி வருமில்ல? சனிக்கிழம வூட்டுக்குள்ள வர்ற இரும்பு தானே அது?”

“இது நேத்தே வந்துட்டுதே அத்தை.”

“நேத்து வந்தது நேத்து. வெளிய போயி வந்தா இன்னிக்கி வந்ததுதான்.”

களைக்கொத்தை வைத்துவிட்டேன். காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று விரல் சேர்த்துவைத்தால் இறுக்கமாகப் போனது. அந்த மூன்று விரலை அப்படியே மனசில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

“மூணு விரல் கனம் இருக்கணும்க்கா” என்று விரலைக் காட்டினேன்.

“ஒசரம்?”

“மோவா வரைக்கும்.”

“உன் மோவாக்கா, உன் வூட்டுக்காரரு மோவாக்கா?”

நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பக்கத்தில் புளி விற்கிறவர் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவரு மோவாக்கு” என்றேன்.

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ அவரு பக்கத்துல நின்னா எங்க வருவ?”

“தோளுக்கு.”

“அப்போ தோளுல சாஞ்சிக்கினு நிக்க வசதிதான்” என்றார் அந்த அம்மா. புளிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சாமையை வாங்காமலே பாதி தூரம் வந்துவிட்டு, திரும்பிப் போய் வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா நான் கேட்டபடி மூங்கிலைக் கொண்டுவந்திருந்தார். மலையிலிருந்து கூட்டமான பஸ்ஸில், எத்தனை பேர் தலையில் இடித்து, எத்தனை பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாரோ. நேராக, கணுவெல்லாம் சீவி, அழகாக இருந்தது. கையில் வாங்கினதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அடிப்பக்கம் கனம் ஜாஸ்தி. மூன்று விரல் கனம்தான். ஆனால் அவருடைய மூன்று விரல். காலமெல்லாம் மலையில் கொத்தி, களை பிடுங்கின விரல். என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். வேறு வேண்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. “ரொம்ப நல்லா கீதுக்கா” என்று வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமைக்கு வீட்டுக்காரருடைய பையில் துணி மடித்து வைத்தாகிவிட்டது. இன்னொரு மூங்கிலுக்குக் காத்திருக்க இன்னொரு வாரம் இல்லை.

களைக்கொத்துக்குக் காம்பை மெல்லிய நுனிப் பக்கமிருந்துதான் கோக்க வேண்டும். அலகு அப்படியே இறங்கி, தடித்த அடிப்பக்கத்தில் போய்த் தானாக இறுகி நிற்க வேண்டும். அப்படிக் கோத்தால் கொத்தக் கொத்த இறுகுமே தவிரக் கழன்று வராது. நான் முருங்கை மரத்தடியில் மூங்கிலை நட்டுக்குத்தலாக நிறுத்தி, மேலேயிருந்து களைக்கொத்தைக் கோத்தேன். சர்ரென்று இறங்கி என் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கல்லால் தட்டிக்கொண்டிருந்தேன்.

“இன்னா அது, கொடி பாதிக் கம்பத்துல நிக்குது?”

திரும்பினால் அவர் பின்வாசலில் நிற்கிறார். தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறார்.

“கனமா கீதுங்க.”

“கனம்னா சீவணும். தட்னா இன்னா ஆவும்? வுடு, வுடு. காம்பை ஒடச்சிடப்போற.”

உள்ளே போய் லாரி டூல்ஸ் பெட்டியிலிருந்து அரத்தையும், சமையல்கட்டிலிருந்து கொடுவாளையும் எடுத்து வந்தார். தரையில் உட்கார முடியாது. மூங்கிலை முருங்கையின் கவட்டையில் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே சீவினார். நான் அசையாமல் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் சீவுவார், அரம் போடுவார், அலகைத் தட்டுவார். விரல்கடை இறங்கும். மறுபடி சீவுவார். “நேராப் பிடிடி. லாரி டயருக்கு அடியில வைக்கக் கட்டை குடுக்கச் சொன்னாலும் இப்பிடித்தான் கோணலா குடுப்ப.” திட்டு வாங்கிக்கொண்டே நின்றேன். அவர் அந்த மாதிரித் திட்டி ரொம்ப நாளாகியிருந்தது.

மாமியார் வந்து பார்த்தார். எனக்குப் பயம், இரும்பில் கை வைக்கிற நாளா என்பார் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாங்கறதுதான் ஆவாது. சேக்கறது ஒண்ணும் இல்ல” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அலகு அடி வரைக்கும் இறங்கி, அவர் சீவாமல் விட்ட தடிப்பில் உட்கார்ந்தது. காம்பு அவர் மோவாய்க்குச் சரியாக வந்தது. வெண்டைப் பாத்தியில் இறங்கினார். முதுகை வளைக்கவில்லை. இரண்டு கையால் மேலே பிடித்து, அலகை முன்னால் போட்டு, தன் பக்கம் இழுத்தார். களை வேரோடு புரண்டது. கல்லில் பட்டபோது கணீரென்றது. அலகைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பாத்தி முடித்தார். அடுத்த பாத்திக்கும் போனார். போதும் என்று சொல்ல வந்து, சொல்லாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குடித்துவிட்டு, “ஆரு ஒனக்கு இவ்ளோ நீளம் சொன்னது?” என்றார்.

“நானேதான்” என்றேன்.

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். களைக்கொத்திலிருந்த மண்ணைத் துடைத்து, அலகுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி, மழை படாத இடமாகப் பார்த்து மாட்டினார். மாட்ட ஆணி அடித்ததும் அவர்தான். எனக்குக் காலையில் எப்படி எழுந்திருப்பாரோ என்பதுதான் கவலையாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் எப்போதும்போல எழுந்தார். இடுப்பு நேற்று இருந்த மாதிரியே இருக்கிறது என்றார். டீ குடித்துவிட்டு ஷெட்காரருக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.