பதினேழாம் கம்பம்

லெட்டி ஹாஸ்கெட் ஆட்களைக் காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். பல்கலைக்கழகக் காவல் துறையின் பதிவறை, பழைய நிர்வாகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதன் ஒரே ஜன்னல் வெளியே தரையோடு தரையாகத் திறந்தது. உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதுதான் தெரியும். நவம்பரில் மினசோட்டா பனி விழத் தொடங்கியதும் எல்லோரும் பூட்ஸுக்கு மாறினார்கள். அவள் மறுபடியும் முதலிலிருந்து எல்லோரையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அவள் வேலை ஒரு கனமான நீலக் கோப்பு. வளாகத்தில் நடக்கும் ஒவ்வொரு குற்றமும் தெரியவந்த இரண்டு வேலை நாளுக்குள் அதில் ஒரு வரியாக ஏற வேண்டும். என்ன நடந்தது, எப்போது, எங்கே, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. அவ்வளவுதான், பெயர் எதுவும் வராது. திருடுபோன சைக்கிள், உடைந்த பூட்டு, விடுதியில் கைகலப்பு. கோப்பு முன் மேசையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். ஏன் படிக்கிறீர்கள், உங்கள் பெயரென்ன என்று லெட்டி கேட்கக் கூடாது. சட்டம் அப்படி.

சட்டம் எல்லோருக்கும் திறந்து வைத்த அந்தக் கோப்பைப் படிக்க வந்தவர்கள் இரண்டே பேர். திங்கள்தோறும் மாணவர் பத்திரிகையிலிருந்து மூக்குத்தி போட்ட ஒரு பெண் வந்து, "ஒண்ணுமே சுவாரசியமா நடக்க மாட்டேங்குதே" என்று குறைபட்டுவிட்டுப் போவாள். வெள்ளிதோறும் நாலு நாற்பதுக்கு ஓர் ஆள் வருவார். நாற்பது வயதிருக்கலாம், பழுப்புக் கோட்டு, பழைய தோல் பூட்ஸ். வாய் திறக்க மாட்டார். கோப்பைப் பார்த்துத் தலையசைப்பார். லெட்டி அவர் பக்கம் திருப்பி வைப்பாள். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வாரத்து வரிகளின்மேல் மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார். கடைசி வரி முடிந்ததும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஓய்வு நேரத்தில் சட்டம் படிக்கிறவர் போலும் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மரியாதை தெரிந்த ஆள் என்றும் ஒருமுறை நினைத்ததுண்டு.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கில் ஒரு சின்ன இடறல். வளாகம் முழுக்க நாற்பத்திரண்டு அவசரக் கம்பங்கள் நின்றன. உச்சியில் நீல விளக்கு, இடுப்பு உயரத்தில் சிவப்புப் பொத்தான், அதன் கீழே ஒரு பலகை: 'பொத்தானை அழுத்தவும். கம்பத்தின் எண்ணைச் சொல்லவும். உதவி வரும்.' மாதத்தின் முதல் திங்களன்று, ரோந்து வேலை பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொன்றாகப் போய் அழுத்திச் சோதிப்பார்கள். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்கள். விட்டுப்போனதை வேறொரு நாளில் சோதிப்பதும் உண்டு. அழைப்பறையில் இருக்கும் மார்வா "சரி" என்று சொல்லி, அழைப்புப் பட்டியலில் 'சோதனை' என்று ஒரு குறி போட்டுவிடுவாள். குறி போட்ட வரிகளை லெட்டி கோப்பில் ஏற்றுவதில்லை.

செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு கம்பத்துக்கும் மூன்று சோதனை. பதினேழாம் கம்பத்துக்கு மட்டும் ஒன்பது.

அது ஆற்றங்கரைப் பாதையில் இருக்கும் கம்பம். கூடுதலான ஆறும் வெள்ளிக்கிழமைகள். ஆறும் நாலு ஐம்பதை ஒட்டி.

லெட்டி பனியில் நடந்து அழைப்பறைக்குப் போனாள். மார்வாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடமாக அதே நாற்காலி. உருளைக்கிழங்குக் கேசரோலைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. பேயறஞ்ச மாதிரி இருக்கே. சாப்பிடறியா?"

"வெள்ளிக்கிழமை பதினேழுல இருந்து கூப்பிடறது யாரு, மார்வா?"

"நம்ம ரோந்துப் பசங்கதான். அந்த ஒரு கம்பத்த எப்பவும் விட்டுட்டு அப்புறம் போய் அடிப்பாங்க. சோம்பேறிங்க."

"ஆறு வெள்ளிக்கிழமையா?"

கரண்டி நின்றது. "குரல் சின்னப் பொண்ணு குரல். நம்பரைச் சொல்லும். நான் சரிம்மான்னு வச்சிடுவேன். வேற என்ன?"

"பதிவப் போடுங்க."

மார்வா முதலாவதைப் போட்டாள். காற்று. பிறகு ஒரு பெண் குரல், தெளிவாக, நிதானமாக: "பதினேழு." பதிவில் மார்வாவின் குரல், "சரிம்மா." துண்டிப்பு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் அந்தக் குரல் எண்ணை இரண்டு முறை சொன்னது. நான்காவதில் கிசுகிசுப்பாகிவிட்டது. ஐந்தாவதில் எண்ணுக்கு முன்னால் மூச்சு வாங்கும் ஓசை. அதற்கும் பின்னால், பனியை மிதித்து வரும் காலடி. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

ஆறாவதில், "பதினேழு" என்றது பெண் குரல். "சரிம்மா" என்றாள் மார்வா. இணைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன் ஒரு கணம் மிச்சம் இருந்தது. அந்தக் கணத்தில் ஓர் ஆண் குரல், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் மெதுவாக, திருப்பிச் சொன்னது: "பதினேழு."

மார்வா கேசரோலைத் தள்ளி வைத்தாள். "நம்பரைச் சொல்லுன்னு பலகையில நாமதானடி எழுதி வச்சோம்" என்றாள். "அவ சொல்லியிருக்கா. ஆறு தடவை சொல்லியிருக்கா. நான் சரின்னு வச்சிருக்கேன்."

அந்தக் காலடியை லெட்டி முன்பே கேட்டிருந்தாள். அல்லது கேட்டிருந்ததாக நினைத்தாள்.

இதே பல்கலைக்கழகத்தில் அவள் இரண்டாம் வருடம் படித்தபோது, நூலகத்திலிருந்து விடுதிவரை இரண்டு மாதம் யாரோ பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் மரங்கள் மட்டும்தான் இருக்கும். ஒருநாள் ஒரு கம்பத்தின் பொத்தான்மேல் கைவைத்துவிட்டு நின்றாள். கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்த அம்மா பேருந்து ஏற்றிவிடும்போது சொன்னது ஞாபகம் வந்தது: "நம்ம வீட்டுல இருந்து காலேஜுக்குள்ள கால் வச்ச மொத ஆளு நீதான். வாயத் தொறந்து வம்ப இழுத்துக்காத. உள்ள விட்டதே பெரிசு." லெட்டி கையை எடுத்துக்கொண்டாள். சில நாளில் காலடி நின்றுபோனது. அது தன்னை விட்டு இன்னொருத்தியின் பின்னால் போயிருக்குமோ என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. பட்டம் வாங்கிய பிறகு, சொந்த ஊர் முழுக்க அவளுக்கு ஏதேதோ பெரிய வேலைகளை எதிர்பார்த்திருக்க, அவள் ஏன் இந்த நிலவறைக்கு விண்ணப்பித்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. இப்போது ஒலிப்பதிவில் கேட்ட காலடி அந்தக் காலடிதானா, இல்லை இப்போது கேட்டதால் பழைய நினைவுக்கு இந்த ஓசை ஒட்டிக்கொண்டதா? அதுவும் தெரியவில்லை.

மறுநாள் சார்ஜென்ட் லுண்டிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு முகவாயைத் தடவினார்.

"புகார் கொடுத்தது யாரு?"

"தெரியாது."

"பின்னாடி போறவன்?"

"தெரியாது."

"லெட்டி, இதுக்குப் பேரு குற்றப் பதிவு இல்ல. பேய்க்கதை."

"குரல் இருக்கு சார்ஜென்ட். இடம் இருக்கு, நேரம் இருக்கு. புகார் குடுத்தவர் பேரு கோப்புல எப்பவுமே வராது. இதுல மட்டும் எதுக்குத் தேடறீங்க?"

"வாய் நீளமாயிட்டே வருது உனக்கு. சரி, எழுது. வெள்ளிக்கிழமை நானே பதினேழுக்குப் பக்கத்துல காரை நிறுத்தி உக்காந்துக்கறேன். அந்தப் பொண்ணு வந்தா சரி. வரலைன்னா, ரெண்டு காபி நீ வாங்கித் தரணும்."

அவள் எழுதினாள். 'பின்தொடர்ந்து அச்சுறுத்தல். ஆறு வெள்ளிக்கிழமைகள், மாலை 4.50. ஆற்றங்கரைப் பாதை, பதினேழாம் கம்பம். விசாரணையில்.' இந்த வரியை அந்தப் பெண் படிக்க மாட்டாள் என்று தெரியும். ஆனாலும் யாரோ கேட்டார்கள் என்பது எங்காவது ஓரிடத்தில் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்குப் பழுப்புக் கோட்டு வந்தது.

தலையசைப்பு. அவள் கோப்பைத் திருப்பி வைத்தாள். கையுறை கழன்றது. விரல் மேலிருந்து கீழே இறங்கியது: சைக்கிள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி. பாதியில் நின்றது. மேலே போனது. மறுபடியும் இறங்கி அதே இடத்தில் நின்றது.

"பதினேழு" என்றார் அவர், மெதுவாக.

லெட்டிக்கு அந்தக் குரலை இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வாரமும் அவர் எதைத் தேடிப் படித்தார் என்பது அந்த ஒரே சொல்லில் புரிந்தது. தன்னைத்தான் தேடியிருக்கிறார். தான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிரித்துவிட்டு, இங்கிருந்து நேராக ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார். ஆறு முறையும் அவள்தான் கோப்பைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

பெயர் கேட்கக் கூடாது.

அவர் கோப்பை மூடினார். விளிம்புகள் மேசைக்கு நேராக இருக்கும்படி சரிசெய்து அவள் பக்கம் தள்ளினார். இந்த முறை சிரிக்கவில்லை. அவர் படியேறும் ஓசையை இன்றுதான் அவள் கூர்ந்து கேட்டாள், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

லெட்டி கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பழைய தோல் பூட்ஸ் வெளியே வந்தது. ஆற்றுப் பக்கம் இரண்டடி போனது. நின்றது. திரும்பி வந்தது. கண்ணாடிக்கு எதிரே, இரண்டு முனைகளும் உள்ளே பார்க்கும்படி, அசையாமல் நின்றது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். எண்ணை இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

"மார்வா, அந்த ஆளு இங்க இருக்கான். என் ஜன்னலுக்கு வெளிய நிக்கறான்."

"அய்யோ கடவுளே. கதவு?"

"சாத்தியிருக்கு."

"லுண்ட இப்பவே அங்க அனுப்பறேன். இன்னொரு வண்டி ஸ்டேடியத்துல மாட்டிக்கிட்டு இருக்கு."

"வேண்டாம்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மணி நாலே முக்கால். அவ வர்ற நேரம். இன்னிக்கும் அழுத்திட்டு யாரும் வரலைன்னா, இனிமே அழுத்தவே மாட்டா. சார்ஜென்ட் அங்கயே இருக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா கண்ணு? அங்க நீ தனியா..."

"போனை வைக்காதீங்க. அது போதும்."

ஐந்து நிமிடம். மார்வாவின் மூச்சு காதில் கேட்டது. பூட்ஸ் அசையவில்லை. முனையில் விழுந்த பனி உருகவும் இல்லை, உதறப்படவும் இல்லை. அவர் என்ன பார்க்கிறார் என்று லெட்டிக்குத் தெரியவில்லை. மேலே ஒரு முகம் இருக்கிறதா என்பதற்கே அத்தாட்சி இல்லை. ஒரு கட்டத்தில், இரண்டு வெற்று பூட்ஸை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது.

தொலைபேசிக்குள் அழைப்பறையின் மணி அடித்தது. எங்கோ தொலைவில், ஒலிபெருக்கியில், அந்தக் கிசுகிசுப்பு: "பதினேழு."

"சொல்லும்மா, கேக்குது." என்றாள் மார்வா. "வைக்க மாட்டேன். இடது பக்கம் பாரு, போலீஸ் கார் நிக்குது. பாத்தியா?"

"பாத்தேன்..." பெண் அழுதாள். "சீக்கிரம் வரச் சொல்லுங்க. பின்னாடியே நிக்கறான். காலடி கேக்குது."

லெட்டி ஜன்னலைப் பார்த்தாள். பூட்ஸ் அங்கேயே இருந்தது.

லுண்ட் பிறகு சொன்னார்: பாதையில் புதுப்பனி. அதில் ஒரே வரிசைக் காலடித் தடம்தான் இருந்தது. அந்தப் பெண்ணுடையது.

அவளை அவர் பதிவறைக்கு அழைத்துவந்தபோது ஐந்தேகால். அவர் கார் வரும் ஓசையில்தான் லெட்டி ஒரு கணம் கண்ணைத் திருப்பினாள். மறுபடி பார்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. பனியில் இரண்டு பள்ளங்கள் மட்டும், உள்ளே பார்த்தபடி. அங்கிருந்து தெருவுக்குப் போன தடம் மாணவர்களின் நூறு தடங்களில் கலந்துவிட்டிருந்தது.

பெண்ணின் பெயர் கோரா. முதலாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடம் முடிந்து அந்த வழியாகத்தான் விடுதிக்குப் போக வேண்டுமாம். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே சொன்னாள், "நம்பர் சொன்னா வருவாங்கன்னு எழுதியிருந்துச்சு. நான் தப்பா சொல்றேனோன்னு நெனச்சேன். அதான் ஒவ்வொரு வாரமும் நல்லா சொல்லிப் பார்த்தேன்."

லுண்ட் குனிந்து தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லெட்டி ஒரு புகார்ப் படிவத்தை எடுத்து அவள் முன் வைத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்துத் தன் முன் வைத்துக்கொண்டாள்.

"இது யாருக்கு?" என்றார் லுண்ட்.

"எனக்கு. ஜன்னல்ல நின்னது என்னைப் பாத்து."

அதுவரை நூற்றுக்கணக்கான படிவங்களை அவள் வாங்கி அடுக்கியிருக்கிறாள். நிரப்பும் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுவே முதல் முறை. 'புகார் அளிப்பவர்' என்ற கட்டத்தில் முழுப் பெயரை எழுதினாள். இடம், நேரம், அடையாளம்: பழுப்புக் கோட்டு, வலது காலை இழுத்து நடப்பவர், குரல் தெரியும்.

அதற்கு அடுத்த கட்டம்: 'இது முதன்முதலில் நடந்தது எப்போது?'

இன்றைய தேதியை எழுதலாம். அது பொய்யாகாது. மேசையின் மறுபக்கம் கோரா பேனாவை நிறுத்திவிட்டு, தான் எழுதுவது சரிதானா என்று கேட்பதுபோல அவளை ஏறிட்டுப் பார்த்தாள். லெட்டி தலையசைத்துவிட்டுத் தன் காகிதத்துக்குத் திரும்பினாள். 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு நவம்பரையும்.