வெள்ளிக்கிழமைக் கார்ச் சத்தம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலோர பங்களா ஒன்றில் ஏழு வருஷம் ஒற்றை ஆளாகக் காவல் இருந்தேன். உண்மையில் என் காவல் ஷெட்டில் நின்ற சிவப்பு இத்தாலிக் காருக்குத்தான். பழைய கார்களைச் சேர்க்கும் முதலாளி, துருப்பிடித்துக் கிடந்த அதை வாங்கிப் புதுசு போலாக்கி நிறுத்திவிட்டு துபாயில் இருந்தார். உப்புக்காற்றுக்குப் பயந்து வெளியே எடுக்கவிடமாட்டார். விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரில் தினமும் அதைத் துடைப்பேன். நான் குளித்ததெல்லாம் உப்புத் தண்ணீரில்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முதலாளி போன் செய்வார். நான் இன்ஜினை ஓடவிட்டு, செல்போனை அதன் பக்கம் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் கேட்பார். "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லி வைத்துவிடுவார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எரிச்சலாக வரும். ஆனால் வாரத்தில் எனக்கு வந்த ஒரே போன் அதுதான்.

ஒருநாள் காரை விற்றுவிட்டார். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை செல்போனோடு காலி ஷெட்டில் நின்றேன். அது அடிக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

"என்னண்ணே, வண்டிதான் போயிருச்சே?" என்றார்.

"ஆமா முதலாளி" என்றேன். வழக்கம்போல செல்போனைக் கார் நின்ற இடத்தின் பக்கம் பிடித்தேன். ஐந்து நிமிஷம் ஆகியும் அவர் போனை வைக்கவில்லை.