சுவர் நகர்ந்த கல்லறைத் தோட்டம்

செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறி வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மாவும் நானும் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுத்தான் அப்பாவைப் பார்க்கப் போவோம். அப்பா அங்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

இந்த வருடம் மடியில் சாமந்திப் பையும் வயிற்றில் பயமுமாக உட்கார்ந்திருந்தேன். மரச்சிலுவை மட்டும் நிற்கும் மேடுகளைச் சமன் செய்து புது அடக்கங்களுக்கு இடம் எடுக்கப் போவதாகப் பங்குக் கோயிலில் அறிவித்துவிட்டார்கள். சிமெண்டு பூசிக் கட்டிய கல்லறைகளைத் தொட மாட்டார்களாம். கட்டிவிடலாம், கொத்தனாரிடமும் சொல்லியாயிற்று. எந்த மேட்டின் மேல் கட்டுவது என்பதுதான் பேஜாரு.

பல வருடம் முன்பு, அப்பா போன வருடமே, ஒரு பெருமழையில் தோட்டம் முழங்கால் தண்ணீரில் நின்றது. சிலுவைகள் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் கோயில் இளைஞர்கள் நல்ல மனதோடு அவற்றைப் பொறுக்கி, கண்ணில் பட்ட மேடுகளில் நட்டார்கள். பெயர் எழுதிய பெயிண்டு எல்லாம் கரைந்துபோயிருந்தது. அடுத்த திருநாளில் அம்மா சுவரோரத்து மேட்டின் முன் நின்று, “இதான்” என்றாள். எங்கள் வீட்டில் அம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது எருசலேமிலிருந்து. ஆண்டவரை வைத்த கல்லறை எது என்று தவக்காலத்தில் கோயிலில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். ரயிலில் வேலைக்குப் போகும்போது கைபேசியில் படித்துக்கொண்டே போவேன். இரண்டு இடங்களைக் காட்டுகிறார்கள். ஒன்று நகர மதிலுக்கு வெளியே, செடிகொடிகளோடு அமைதியான தோட்டம். பாறையில் குடைந்த கல்லறை, பக்கத்தில் மண்டை ஓடு மாதிரி ஒரு குன்று. நற்செய்தியில் தோட்டம் என்கிறது, மண்டை ஓடு என்கிறது, நகருக்கு வெளியே என்கிறது. பார்த்தவுடன் இதுதான் என்று மனம் சொல்லும். இன்னொன்று நகருக்குள்ளே, கூட்டமும் புகையும் சண்டையுமாக இருக்கும் பழைய பேராலயம். மதிலுக்குள் எப்படி அடக்கம் செய்திருப்பார்கள்? ஆனால் அந்தக் காலத்தில் மதில் அங்கே இல்லை, பிறகுதான் வெளியே தள்ளிக் கட்டினார்கள் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தோட்டத்துக் கல்லறையோ ஆண்டவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டியதாம். நற்செய்தி சொல்வதோ, யாரையும் வைத்திராத புதுக் கல்லறை.

படித்தபடியே கண் சொருகும். எருசலேம் மதிலுக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் எழும். இரும்புக் கசடு கொட்டிய கருமேடு மண்டை ஓடு போல மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கும். விடியலில் ஆண்டவர் கல்லறைக்கு நறுமணத் தைலத்தோடு போகும் பெண்களுக்கு நடுவே அம்மா கூடையோடு நடப்பாள், வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டு. அப்படி ஒரு அரைத்தூக்கத்தில்தான் அது உறைத்தது. எங்கள் சுவரும் நகர்ந்த சுவர்தான்.

அப்பா போன கையோடு, அந்த மழைக்கு முன்பே, பக்கத்து நிலத்தில் ஒரு துண்டு கிடைக்க, தோட்டத்தின் சுவரை வெளியே தள்ளிக் கட்டினார்கள். பழைய சுவரின் அடிச்செங்கல் வரிசை இன்னும் புல்லுக்குள் தெரிகிறது. “அன்னிக்கு நான் சொவுத்த புடிச்சிக்கினுதான் நின்னேன்” என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு இல்லாத புதுச் சுவரை எப்படிப் பிடித்திருப்பாள்? பிடித்தது பழைய சுவர் என்றால், அப்பா அந்தச் செங்கல் வரிசையோரம்தான்.

கவரைப்பேட்டை தாண்டும்போது எருசலேம் கதையையும் நம் சுவர் கதையையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

தோட்டத்தில் பழைய செங்கல் வரிசையை ஒட்டியிருந்த மேட்டருகே, ஆந்திர எல்லையில் தடா ஊர்ப் பக்கத்திலிருந்து வருடா வருடம் வரும் ஓர் அம்மாள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் மரச்சிலுவை மேடுதான். முகம் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அம்மா நேரே அவளிடம் போனாள்.

“உங்க ஊட்டுக்காரர அடக்கம் பண்ணசொல்லோ சொவுரு எங்க இருந்திச்சி?”

“இதோ, இப்ப கீற எடத்துலதான் அக்கா. புதுச் சொவுரு. சுண்ணாம்பு கூட காயல, என் பொடவையெல்லாம் ஒட்டிக்கிச்சி. மழைக்கப்புறம் அங்க நீங்க நின்னுக்கினு இருந்தீங்க, நான் இங்க வந்துட்டேன்.”

அப்படியானால் அவள் கணவர் சுவரோரம், எங்கள் சாமந்திக்குக் கீழே. அப்பா இங்கே. அம்மா மேட்டின் மேலிருந்த பீடிக்கட்டைக் காட்டி, “இது இன்னாத்துக்கு?” என்றாள்.

“பசங்களோட நைனாவுக்கு அது இல்லாட்டி பொழுது போவாது. வருசம் தவறாம வெச்சிடுவேன்.”

தெருமுனையில் யாராவது பீடி பற்ற வைத்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர் அப்பா. அம்மா விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இத்தினி வருசமா மூக்கப் புடிச்சிக்கினு படுத்திருப்பாரு மனுசன்” என்றாள். முதலில் அந்த அம்மாள்தான் சிரித்தாள், பிறகு மூன்று பேரும் அழுதோம். வருடா வருடம் இவ்வளவு பக்கத்தில் வந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறோம்.

அந்த அம்மாள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கொத்தனாரிடம் இந்த மேட்டைக் காட்டலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை.

“உன் கல்யாணம், உனக்கு வேல போனது, என் ஆப்பரேசன், அல்லாத்தையும் அங்க கீறவரு கிட்டதான சொன்னேன்? ஒரு வார்த்த பேசாம கேட்டாரு. இப்ப யாரோன்னு உட்டுட முடியுமா?”

சாமந்தியை இரண்டு பங்காக்கினாள். அந்த அம்மாளும் மல்லிகையைப் பங்கு போட்டாள். இரண்டு மேட்டையும் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கட்டுவது என்று பேசி முடித்தோம். பீடி மட்டும் சுவரோரத்துக்குப் போயிற்று.

திரும்பும் ரயிலில் வயல்மேல் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அந்த எருசலேம்ல, ரெண்டு எடத்துலயும் ஜனங்க முட்டி போடுறாங்களா?”

“போடுறாங்கமா.”

“அப்ப சரி. நம்ம ரெண்டு மேட்டுக்கும் நடுவுல எடம் கீது. என்ன அங்க வெச்சிடு.”