கூரையைத் தூக்கிய மத்தியானம்

மேசையில் பொம்மைப் படைவீரர்களை நகர்த்திப் போர் விளையாடுவது எனக்கும் நண்பர்களுக்கும் பொழுதுபோக்கு. அதற்கான பழைய ரோமாபுரி வீடுகளைப் பாலையூற்றில் என் வீட்டில் இருந்து ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் வெட்டிச் செய்பவன் நான். வீரர்களை உள்ளே வைப்பதற்காகக் கூரை தனியாகக் கழன்று வரும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஒரு மத்தியானம் புது வீட்டை மனைவிக்குக் காட்டினேன். அவள் மூதூர்க்காரி. யுத்தத்தில் அவளுடைய வீட்டில் ஷெல் குண்டு விழுந்தது எனக்குத் தெரியும். அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை. குனிந்து யன்னலுக்குள்ளால் பார்த்தாள். ரோமர்கள் எப்படி வாழ்ந்தார்களோ தெரியாது; நான் எங்கள் ஊர் வீடுகளைப் போல உள்ளே அடுப்பும் பாயும் குடமும் வைத்திருந்தேன்.

"வடிவா இருக்கு," என்றாள்.

"இஞ்ச பாரும்," என்று கூரையைச் சட்டென்று தூக்கினேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வையுங்கோ! உள்ளுக்க ஆக்கள் இருக்கினம்!"

உள்ளே எவருமில்லை. அவள் மேசைக்கடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மூச்சு இழுபட்டது. பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலொன்று ஊத, இன்னும் குறுகினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. இனித் திரும்பி வரவே மாட்டாளோ என்று பயந்தேன். கூரையைக் கையில் பிடித்தபடியே நானும் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "அண்டைக்கும் கூரை பிரிஞ்சு வெளிச்சம் இப்பிடித்தான் மேலால வந்தது."

இப்போது கூரைகளை ஒட்டிவிடுகிறேன். உள்ளே ஆட்களை வைக்க ஏலாது என்று நண்பர்கள் குறைசொல்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.