கல் பொறுக்கிய மைதானம்

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஜூனியர் ஹாக்கி லீக்கில் எங்கள் அணிதான் கடைசி. எங்களுக்கும் எங்களுக்கு முந்தைய அணிக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். பெரம்பலூரில் பதினொரு பெண்கள் தேறவில்லை, அரியலூரிலும் தேறவில்லை என்று இரண்டையும் சேர்த்து ஓர் அணி ஆக்கியிருந்தார்கள். ஜெயங்கொண்டத்துப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருவார்கள். நான் வேப்பந்தட்டையிலிருந்து வருவேன். எனக்குத் தடுப்பாட்டம். நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மைதானம் பெரம்பலூரில், நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். புல் கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து சுக்கான் கல் முளைத்துக்கொண்டே இருக்கும். பந்து நேராக வராது. கல்லில் பட்டுத் துள்ளும். முழங்காலுக்கும் வரும், மூக்குக்கும் வரும். அதனால் நாங்கள் எல்லோருமே மட்டையைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் தூக்கியே பிடித்து நிற்போம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பல் போகாமலிருக்க அதுதான் வழி.

அந்த வருஷம் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது: விளையாட்டு விடுதியில் ஓர் இடம். கிடைத்தால் பதினொன்றாம் வகுப்பு அங்கே, சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. கிடைக்காவிட்டால் என் அக்கா போன அதே வேனில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. அப்பா எதையும் ஒளித்துப் பேசவில்லை. "எடம் கெடச்சா போம்மா. இல்லாட்டி பத்தோட போதும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

முதல் மூன்று ஆட்டங்கள் திருச்சியில், செயற்கைப் புல்லில். ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பச்சைத் தரைக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரைவிட அது அதிகம். பிளாஸ்டிக்குக்கு எதற்குத் தண்ணீர் என்று எங்கள் கோல் கீப்பர் கேட்டாள். பந்து வந்தபோது புரிந்தது. ஐஸ் மேல் தள்ளிவிட்ட மாதிரி, துள்ளாமல், நாங்கள் தூக்கிப் பிடித்திருந்த மட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. ஏழு கோல், ஆறு கோல், பத்து கோல். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாலாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில். வந்தவர்கள் பெரிய அணி. அவர்கள் மட்டையைத் தரையோடு ஒட்டவைத்துக் காத்திருக்க, பந்து கல்லில் எகிறித் தோளைத் தாண்டிப் போனது. ஒருத்திக்குத் தாடை கிழிந்தது. நாங்களும் கோல் போடவில்லை, அவர்களும் போடவில்லை. முடிந்ததும் அவர்களுடைய பயிற்சியாளர் எங்கள் பி.டி. மிஸ்ஸிடம், இது கிரவுண்டா கல்லாங்குத்தா, மாடு மேய்க்கக்கூட ஆகாது என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். தோற்காமல் நின்ற அந்த ஒரே நாளில் எனக்கு அவமானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

கடைசி ஆட்டமும் அங்கேதான். அதைப் பார்க்க விடுதியிலிருந்து ஒரு மேடம் வருகிறார், இரண்டு பேரை எடுப்பார் என்று மிஸ் சொன்னார். யோசனை என்னுடையது. விருந்தாளி வந்தால் வாசலைக் கூட்டித் தெளிக்காமலா இருப்போம் என்று கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் மட்டையைத் தொடாமல் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்கினோம். பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்பினோம். எல்லாம் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடுப்பளவு குவிந்தது. பள்ளத்தில் மண் போட்டோம். ஆட்டத்தன்று காலையில் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து, தார் டிரம்மை உருட்டித் தரையை இறுக்கினோம்.

நடுவில் ஒரு நாள் மிஸ் அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றார். "அத்தனையும் பொறுக்கணுமாடி? கொஞ்சம் கெடக்கட்டுமே" என்றார். மிஸ்ஸுக்குச் சோம்பல் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அதற்கு மேல் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு பெண்ணுக்குத் தாடை கிழிந்த மைதானத்தில் கல் இருக்கட்டும் என்று எந்த டீச்சர் வாய்விட்டுச் சொல்வார்?

ஆட்டம் தொடங்கி முதல் பந்து என் பக்கம் வந்தது. தரையோடு தரையாக வந்தது. என் மட்டை ஒரு சாண் மேலே இருந்தது. அடியில் போய்விட்டது. மட்டையைக் கீழே வை, கீழே வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கை கேட்கவில்லை. ஒன்பது கோல். அதில் நாலு என் மட்டைக்கு அடியில் போனவை. ஐந்தாவது கோலின்போதுதான் நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். எனக்கு மட்டுமா, பதினொரு பேர் தலையிலும்.

மேடம் நல்லவர். நோட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "கிரவுண்ட ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா. திருச்சில ஆடுற மாதிரியே இருக்கு" என்று மனசாரச் சொன்னார். போனில் மைதானத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். யார் பெயரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். குவியலிலிருந்து கை கொள்ளுமட்டும் கல்லை அள்ளி மைதானத்துக்குள் வீசினேன். அழுதுகொண்டுதான் வீசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மிஸ் வந்து பக்கத்தில் நின்றார்.

"லீக் முடிஞ்சு போச்சேடி."

தெரியும் மிஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த கை கல்லை அள்ளினேன். அவர் தடுக்கவில்லை. பிரேயர் மணி அடித்தபோது குவியலில் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை.

பரீட்சை முடிந்த மறுவாரம் வேன் வந்தது. ஜன்னல் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்வரை நான் அங்கே போய் உட்காரவில்லை.