குசினிக் கதவால் போன பள்ளிக்கூடம்

எனக்குப் பத்து வயதாயிருந்த அந்த வருடம் முழுவதும் நான் முன்கதவால் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, அம்மா சமைக்கிற குசினிக் கதவால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். இரண்டு கதவுகளுக்கும் நடுவே மூன்று குப்பைத் தொட்டிகளும் வேலியோரம் ஓர் எலுமிச்சை மரமும் இருந்தன. ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சீருடையும் சப்பாத்தும் போட்டு, புத்தகப் பையைக் கொளுவிக்கொண்டு வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்பேன். "வடிவாப் படி, பிள்ளை" என்று அப்பா கை காட்டுவார். நான் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போவதற்குள் அவர் உள்ளே ஓடி, குசினிக் கதவைத் திறந்து வைத்து, மேசையோரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கும். அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாகக் காண்பவர்போல, "குட் மோர்னிங்" என்பார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது பெரிய பங்கு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சீருடையே கிடையாது. நான் போட்டிருந்தது பழைய பள்ளிக்கூடத்தின் சீருடை. வீட்டு உடுப்போடு இருந்தால் படிப்பு ஏறாது என்பது அப்பாவின் கருத்து. அவரும் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட் கட்டித்தான் உட்காருவார். ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கும் இடத்துக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மா, "உங்கட பள்ளிக்கூடத்துக்கு எப்ப லீவு, வாத்தியார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

எனக்குச் சிறுநீரில் புரதம் கசியும் நோய் வந்திருந்தது. அதற்குக் கொடுத்த மருந்தில் முகம் பூசணிக்காய்போல ஊதிவிட்டது. முகத்தைவிடப் பெரிய தொல்லை, அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்பது. ஒரு வருடமாவது பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அனுப்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரே ஒரு வழியும் சொன்னார். நீண்டகாலம் வகுப்புக்குப் போகமுடியாத பிள்ளைகள் வீட்டிலிருந்து தாங்களாகவே படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கிழமைக்கு ஒரு முறை தபாலில் பாடப்பொதி வரும், இரண்டு நாள் ஆசிரியை கணினியில் முகம் காட்டுவார், மீதியெல்லாம் பிள்ளையின் பாடு. ஆனால் ஒரு நிபந்தனை. பக்கத்தில் இருந்து கவனிக்க வளர்ந்தவர் ஒருவர் வேண்டும். முதல் தவணை வெறும் பரீட்சார்த்தம். தவணை முடிவில் ஆசிரியை வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் சேர்ப்பதா இல்லையா என்று முடிவு சொல்வார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்று ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடத்தை மிதிக்காமலே, ஒன்பது வயதில் தன் தகப்பனோடு மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர். அம்மா ஊர் ஊராக இடம்பெயர்ந்து, எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு தவணை முழுதாக இருந்து பார்க்காதவர். ஆகவே சிட்னிக்கு வந்து ஆங்கிலம் பிடிபட்ட நாளிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும் படிவங்களை நிரப்புவதும் என் உத்தியோகம். விசாப் பேப்பர்களை மட்டும் என்னைத் தொட விடமாட்டார்கள். அதற்கு வக்கீல் இருந்தார்.

பள்ளிக்கூடப் படிவமும் என்னிடம்தான் வந்தது. பன்னிரண்டு பக்கம். அம்மாவுக்குப் பகல் வேலை, அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. எனவே கவனிப்பவர் அப்பா. அவருடைய கல்வித் தகைமை என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. நான் பேனையைக் கடித்தேன். உண்மையை எழுதினால் சேர்க்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர் ஊரில் சும்மா இருந்திருக்க முடியாதே. அடுத்த கட்டத்தில், முன்னைய தொழில்: கணக்கு ஆசிரியர் என்று எழுதினேன். முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. மீன் விற்ற பழக்கத்தில், கடைக்காரர் கல்குலேட்டரில் விரல் வைக்குமுன் அப்பா விலையைச் சொல்லிவிடுவார். கடைசிப் பக்கத்தில் அவர் தன் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. மகள் எழுதியதில் பிழை இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

தவணை முடிவில் ஆசிரியை வந்தார். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, உயரமான பெண். அம்மா வேலையை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்று, ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி வைத்திருந்தார். அப்பாவின் சேர்ட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆசிரியை என் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, தானும் ஒரு கணக்கு ஆசிரியைதான், உங்கள் ஊரில் பின்னங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஆசையோடு கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"இஞ்சத்தக் குளிர் உங்களுக்குப் பழகிப் போச்சுதோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அப்பா ஆற அமரப் பதில் சொன்னார். குளிர் பரவாயில்லை, காற்றுத்தான் பொல்லாதது, ஊரில் காற்று எந்தத் திசையில் மாறும் என்று முதல்நாளே தெரியும், இங்கே அது சொல்லாமல் வருகிறது. நான் ஆங்கிலத்தில், அப்பா ஒரு பாணை முதலில் இரண்டாகவும் பிறகு நான்காகவும் வெட்டிக் காட்டுவார் என்றேன். ஆசிரியை மகிழ்ந்து சிரித்தார். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் அப்பாவிடம் மழையைப் பற்றிக் கேட்டேன்.

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பினார். "காலநிலையைப் பற்றி அறியவோ இவ்வளவு தூரம் கார் ஓடி வந்தவ?"

அப்பா சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். வந்த நாளிலிருந்து எத்தனையோ அறைகளில், எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் மொழிபெயர்ப்பின் நீளம் அவருக்கு விளங்கும்.

"நான் சொன்னது நீட்டு. நீ சொன்னது கட்டை. அதில சிரிக்கவும் ஒண்டும் இல்லை. என்ன பிள்ளை சொன்னனீ?"

ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோப்பில் மேலாக இருந்தது என் படிவம். நான் நிலத்தைப் பார்த்தபடி, "நீங்கள் ஊரில கணக்கு வாத்தியார் எண்டு எழுதிப்போட்டன்" என்றேன்.

"எதில?"

"போமில."

"நான் கையெழுத்துப் போட்ட போமிலயோ?"

"ஓம்."

அம்மா அடுப்பை நிறுத்தினார். அப்பாவின் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். ஒருநாளும் அடித்தவர் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் கதிரையை ஆசிரியைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப நான் சொல்லுறன், நீ சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவர் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடம் போகேல்லை. கடற்தொழில் செய்தனான். அதை எழுதினது பிள்ளை, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைச்சது நான், பிழை என்னுடையது. பிள்ளையை நிப்பாட்டிப் போடாதேங்கோ.

கடைசி வசனத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லும்போது அழுதுவிட்டேன். அதனால் அது கொஞ்சம் நீண்டுவிட்டது. அப்பா அதை மன்னித்திருப்பார்.

ஆசிரியை ஒரு ரோல்ஸை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தார். பிறகு, அப்படியென்றால் பாடம் நடக்கும்போது அப்பா என்ன செய்வார் என்று கேட்டார். இந்த முறை அவர் கேட்டதை அப்படியே அப்பாவிடம் கேட்டேன்.

"பாத்துக்கொண்டு இருப்பன்" என்றார் அப்பா. "விளங்காட்டி இவள் பென்சிலைக் கடிப்பாள். அரைகுறையா விளங்கினா மூக்கைச் சொறிவாள். நல்லா விளங்கினா மேசைக்குக் கீழ காலை ஆட்டுவாள். கால் ஆடுமட்டும் நான் அடுத்த பக்கம் திருப்ப விடுறேல்லை."

அப்போதுதான் எனக்கும் அது தெரியவந்தது. பக்கத்தைத் திருப்பப் போகும்போது சில வேளை அவருடைய கை வந்து கொப்பியின்மேல் இருக்கும், "இன்னொருக்காப் பார்" என்பார். எழுத்துத் தெரியாத ஆளுக்கு நான் ஏமாற்றுவது எப்படித் தெரிகிறது என்று மூன்று மாதமாக வியந்துகொண்டிருந்தேன்.

ஆசிரியை அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பிறகு படிவத்தைத் திறந்து, என் இரண்டு வரிகளையும் கோடு போட்டு வெட்டி, அப்பா சொன்னதை மேலே எழுதினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அப்பா கையெழுத்திட வேண்டும் என்று பேனையை நீட்டினார். அப்பா பேனையை வாங்கினார். கை நடுங்கியது. பெயரின் முதல் எழுத்தே கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆசிரியை தன் விரலால் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, பாடங்கள் தொடர்ந்து வரும் என்றார். அதை நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அம்மா மீதி ரோல்ஸ் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார்.

நான் நன்றியோடு இருந்தேனா என்றால், இல்லை. வெள்ளைக்கார ஆசிரியைக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார், தன்னையும் ஒன்றும் தெரியாதவர் ஆக்கிக்கொண்டார் என்று கோபம். சும்மா இருந்திருந்தால் காற்றையும் மழையையும் வைத்தே நான் கரைசேர்த்திருப்பேன். அடுத்த நாள் காலை வாசலுக்குப் போகாமல் நேரே குசினி மேசையில் போய் இருந்தேன். அப்பா முன்கதவைத் திறந்துகொண்டு அங்கேயே நின்றார். கூப்பிடவில்லை. ஒன்பது மணி ஆனது. ஒன்பது பத்தும் ஆனது. குளிர்காற்று வீட்டுக்குள் நேராக வந்துகொண்டிருந்தது. கடைசியில் நான்தான் எழும்பிப் பையைக் கொளுவிக்கொண்டு போய், வேறு பக்கம் பார்த்தபடி, "போட்டு வாறன்" என்றேன். குப்பைத் தொட்டிகளைத் தாண்டும்போது உள்ளே அவர் ஓடும் சத்தம் கேட்டது.

பல்கலைக்கழகத்தில் சேரும்போது நானே என் படிவத்தை நிரப்பினேன். பெற்றோர் எதுவரை படித்தவர்கள் என்று அதுவும் கேட்டது. அப்பாவுக்கு நேரே, பள்ளிக்கூடம் போகவில்லை என்ற கட்டத்தை நிமிர்ந்திருந்து நிரப்பினேன். அப்பா பக்கத்தில் நின்று, "சரியா எழுதினியோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த வருடம் அவருடைய விசா விசாரணைக்குத் துணையாகப் போனேன். மொழிபெயர்க்க வேறு ஆள் இருந்தார். நான் பக்கத்தில் இருக்க மட்டும். வந்த புதிதில் யாரோ ஒருவர் எழுதிய தாளில் அப்பாவுக்கு இரண்டு சகோதரர் என்று இருந்தது. பிறகு எழுதியதில் மூன்று. அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது சொல்கிறீர்களா என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அந்த ஒரு வரிக்காக அவருடைய பேப்பர்கள் எத்தனை வருடம் கிடந்தன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா மூன்றாவது தம்பியின் பெயரைச் சொன்னார், அவன் எப்படி இறந்தான் என்று சொன்னார். மேசைக்குக் கீழே அவருடைய கை நடுங்கியது. அதே நடுக்கம்.

அன்று குசினி மேசையில், ஆசிரியை வெட்டிய வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்திட்டபோது, அப்பாவுக்குப் பேனை பிடித்துப் பழக்கமில்லை, அதுதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அது பயம் என்பது விளங்காமல், மேசைக்குக் கீழே காலை ஆட்டாமல் இருந்தேன்.