தலைகீழாக நின்ற பதினேழாம் குழாய்

கடலடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்துவந்து குளிர் அறையில் அடுக்குவது என் வேலை. பெரிய நிலநடுக்கம் வந்தால் கடலுக்கடியில் சரிவுகள் சரிந்து, மணலும் சேறுமாகக் கலங்கிப் படியும். அதைப் பார்த்து, எழுதிவைக்க ஆளில்லாத காலத்து நிலநடுக்கங்களையும் எங்கள் மேடம் கண்டுபிடித்துவிடுவார். குழாயின் மேல்முனையைக் காட்டி அம்புக்குறி போடுவேன் நான். என் விஞ்ஞானம் அவ்வளவுதான். ஆனாலும், “இருபத்திரண்டு வருஷத்துல ஒரு குழாய் மாறினதில்ல” என்று தம்பட்டம் அடிக்காத நாளில்லை.

போன மாதம் மேடம் உதட்டைப் பிதுக்கினார். நிலத்தில் வெட்டிய பள்ளத்தில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய நிலநடுக்கத்தின் தடம் தெளிவாக இருந்தது. கடலில் எடுத்த பதினேழாம் குழாயில் பக்கவாட்டில் துளையிட்டுச் சோதித்தால், பழைய சேறு மேலே, புதியது கீழே.

“எல்லாம் புரண்டு கிடக்கு. நம்ப முடியாது, கழிச்சிடுங்க.”

சேற்றைக் கொட்டிக் கழுவுவதற்காகக் குழாயைப் பிளந்தேன். கலங்கிய தண்ணீரில் மணல்தான் முதலில் அடியில் இறங்கும். இதில் சேற்றுக்கு மேலே மணல். அம்பை அடிமுனையில் போட்டிருக்கிறேன். புரண்டது கடல் இல்லை, நான். குழாய் எடுத்த அன்று கப்பலில் என் ஒரு கையில் மார்க்கர், மறு கையில் வாந்தி வாளி. கழுவிவிட்டால் என் மானம் தப்பும், மேடத்தின் ஆதாரம் போகும். துணியால் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

“கப்பல்ல சிங்கம் மாதிரி நின்னேன்னீங்க?”

“சிங்கத்துக்கு வாந்தி வராதா?”

“இதையே போய்ச் சொல்லுங்க. அந்தம்மாவோட ஆறு வருஷ உழைப்பு அது.”

மறுநாள் காலை சொல்லிவிட்டேன், வாளி உட்பட. மேடம் குழாயைத் திருப்பிவைத்து, லென்ஸோடு குனிந்தார். முன்பு சோதித்து எழுதிய வயதுகள் வரிசைக்கு வந்தன. மணல் படலம் சரியாக முந்நூறில் வந்து நின்றது.

“நிலத்துல பார்த்ததும் இதுவும் ஒண்ணுதாங்க!” அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அன்னிக்கு மொத்தம் எத்தனை குழாய்க்கு அம்பு போட்டீங்க?”

“நாப்பத்தொண்ணு, மேடம்.”

“வாளி எப்போலேருந்து கையில இருந்துச்சு?”

“முதல் குழாய்லேருந்து.”

மேடம் குளிர் அறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“எல்லாத்தையும் இறக்குங்க.”